ஓபிஎம் கியர் ஆயில், முதல் சொட்டுலயே விஷயம் தெரிஞ்சிடும்

கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்து புதுச்சேரி வீராம்பட்டினம் வரைக்கும் எந்தக் கரையில போய் நின்னாலும் ஓபிஎம், அதான் படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற மோட்டர் பேச்சு வந்தா ப்ளக், கார்பரேட்டர் இதப்பத்திதான் பேசுவாங்க, தண்ணிக்குள்ளயே கெடக்குற கியர் பாக்ஸ யாரும் நெனைக்கிறதில்ல. ஆனா செலவு வைக்கிறது அதுதான். எங்க மச்சான் மோட்டர்ல கியர் ஆயில் தண்ணி கலந்து பால் ஊத்துன டீ மாதிரி ஆகி எத்தன நாளாச்சோ, கியர் பல்லு தேஞ்சு சத்தம் வந்தப்பதான் பாத்தோம், பேரிங்கும் துருப்பிடிச்சுப் போச்சு.

செக் பண்றது சுலபம். ராத்திரி மோட்டர நேரா நிமித்தி வெச்சிடுங்க, சாய்ச்சு வெக்காதீங்க. தண்ணி ஆயில விட கனம், விடியறதுக்குள்ள அடியில எறங்கி நிக்கும். காலையில மேல இருக்குற லெவல் ஸ்க்ரூவ தொடாம, கீழ் ஸ்க்ரூவ மட்டும் கொஞ்சமா லூஸ் பண்ணி நாலு சொட்டு வெள்ளக் கப்புல புடிங்க. முதல்ல தண்ணி வந்தாலோ ஆயில் வெளுத்திருந்தாலோ உள்ள தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் ஷாஃப்ட்ட சுத்தி தண்ணிய தடுக்குற சீல் போயிருக்கும், கன்னங்கரேல்னு தீஞ்ச வாட வந்தா மாத்தாம ரொம்ப நாள் ஓட்டியிருக்கீங்க. ஸ்க்ரூ முனையில காந்தம் இருந்தா அதுல மை மாதிரி ஒட்டியிருக்குறது சகஜம்தான், வெரல்ல நெருடுற மாதிரி தூள் இருந்தா கடலுக்குப் போகாதீங்க, கழட்டிப் பாத்தே ஆகணும்.

மாத்தும்போது கீழ் ஸ்க்ரூ மொதல்ல, அப்புறம் மேல் ஸ்க்ரூ, முழுசா வடியட்டும், கொஞ்சம் ஓட்டிட்டு வந்து சூடா இருக்கும்போது செஞ்சா சீக்கிரம் வடியும். சில பழைய மாடல்ல பக்கத்துலயே ஸ்டார் தலை ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், அது கியர் மாத்துற லிங்க்கோடது, அதக் கழட்டினா உள்ள லிங்க் நழுவிடும், ஜாக்கிரத. புது ஆயில் எப்பவும் கீழ் ஓட்டை வழியாதான் ஏத்தணும், மேல இருந்து ஊத்துனா உள்ள காத்து அடைச்சிக்கும், நெறஞ்ச மாதிரி தெரியும் ஆனா நெறஞ்சிருக்காது. மெதுவா பம்ப் பண்ணுங்க, மேல் ஓட்டைல குமிழி இல்லாம ஆயில் வந்ததும் மேல் ஸ்க்ரூவ மொதல்ல மாட்டிட்டு அப்புறமா பம்ப எடுத்து கீழ் ஸ்க்ரூவ சட்டுனு போட்டுடுங்க.

ஸ்க்ரூவுல இருக்குற வாஷர மட்டும் பழசயே திரும்பப் போடாதீங்க, சில ரூவா சாமான் அது, அதுல கஞ்சம் புடிச்சாதான் தண்ணி ஏறுது. ஓடும்போது கியர் பாக்ஸ் சூடாகும், நிறுத்துனதும் கடல் தண்ணில ஆறும்போது உள்ள இழுப்பு உண்டாகி நசிஞ்ச வாஷர், தேஞ்ச சீல் வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சிடும்.

ஆயில் பெரும்பாலான மோட்டருக்கு எஸ்ஏஇ 90 ஹைப்பாய்டு, உங்க மாடல் புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான், 15 எச்பிக்கு கால் லிட்டர் பக்கம் புடிக்கும். பெட்ரோல்ல கலக்குற டூடி (2T) ஆயில இதுல ஊத்தவே ஊத்தாதீங்க. புது மோட்டர்னா முதல் 20 மணி நேரத்துலயே ஒருதரம், அப்புறம் 100 மணிக்கு ஒருதரம், ஒரு நாளைக்கு 4 மணி ஓடுனா 25 நாள்லயே 100 வந்துடுதே, அதனால மாசாமாசம்னு வெச்சிக்கிறதுதான் நல்லது.

தங்கூசி, அதான் நைலான் தூண்டி நூல், அதுதான் சீலுக்கு எமன். மாத்தும்போதே மோட்டர நிறுத்தி நியூட்ரல்ல வெச்சு ப்ரொப்பல்லரக் கழட்டி ஷாஃப்ட்டப் பாருங்க, நூல் சுத்தியிருந்தா சீல அறுத்துடும், கரையில இழுக்குறப்ப ஏறுற மணலும் அப்படித்தான். ஆயில் வெளுத்திருந்தா புதுசு ஊத்தி ஒரு மணி நேரம் ஓட்டிட்டு திரும்பப் பாருங்க, மறுபடியும் வெளுத்தா ஆயில மாத்தி மாத்தி ஊத்துறதுல பிரயோஜனம் இல்ல, மெக்கானிக் கிட்ட கொடுத்து காத்தடிச்சு தண்ணித் தொட்டில முக்கி எங்க குமிழி வருதுன்னு பாத்து சீல் போடச் சொல்லுங்க.

வடிச்ச ஆயில மணல்லயோ உப்பனாத்துலயோ கொட்டாம கேன்ல சேத்து வெச்சு பழைய ஆயில் எடுக்குறவங்க கிட்ட கொடுங்க, நம்ம நண்டும் எறாலும் வளர்ற தண்ணி அது. முதல் ட்ரிப் போயிட்டு வந்ததும் ரெண்டு ஸ்க்ரூவ சுத்தியும் துணியால தொடச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா அன்னிக்கே திரும்ப டைட் வெச்சிடுங்க.