வூஃபரைக் கொல்வது பேஸ் நாப்தான்

போன வாரம் ஒரு தம்பி தான் செய்த ஸ்பீக்கர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். 18 மி.மீ. பிளைவுட், பேஸுக்கான 8 இஞ்ச் வூஃபர், முன்பக்கம் பேஸை வெளியே விட ஒரு பிவிசி பைப். மூலைமட்டம் கொஞ்சமும் பிசகாத, சுத்தமான வேலை. "அண்ணா, சத்தம் நல்லா வருது. ஆனா அடி பேஸ் இல்ல. பேஸை ஏத்தினா டக் டக்னு அடிக்குது" என்றார். அதைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2 வூஃபர்களை நான் இழந்தது அந்த டக் டக்கில்தான்.

பெட்டி செய்கிறவர்கள் ஒயரை பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது போன்ற தவறுகளை எழுதப்போவதில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும். காசும் மாதங்களும் போன பிறகு தெரியவருபவை மட்டும் இங்கே.

வெளி அளவில் லிட்டர் போடுவது

தம்பியின் பெட்டி 40 செ.மீ. உயரம், 30 அகலம், 30 ஆழம். பெருக்கினால் 36 லிட்டர். அவர் கணக்கும் அதுதான். ஆனால் பலகையின் கனத்தை இருபக்கமும் கழித்தால் உள்ளே 36.4, 26.4, 26.4. அது 25 லிட்டர் சொச்சம்தான். அதிலும் வூஃபரின் காந்தம், பைப், உள்ளே வைத்த சட்டம் எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் காற்றுக்கு மிஞ்சியது சுமார் 23 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

பைப்பில் அச்சடித்த எண்

90, 110 என்று கடையில் கேட்டு வாங்குவது வெளிவிட்டம். கணக்குக்கு வேண்டியது உள்விட்டம்.

பெட்டியில் இல்லாத பேஸை நாப்பில் தேடுவது

இத்தனை வருடம் கழித்தும் என்னை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதியில் 'ஊம்' என்று ஒலிக்கும். பைப் வைத்த பெட்டியும் அப்படித்தான். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்ப்ரிங், பைப்புக்குள் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை. இரண்டும் சேர்ந்து எந்த ஹெர்ட்ஸில் ஆடுகின்றனவோ அதுதான் பெட்டியின் ட்யூனிங். அந்த இடத்தில் வூஃபரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், ஒலி முழுக்கப் பைப்பிலிருந்து வரும்.

ட்யூனிங்குக்குக் கீழே போனால் கதை தலைகீழ். கோன் முன்னே தள்ளும் காற்றைப் பைப் பின்னே இழுத்துக்கொள்கிறது. ஒலி ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், சுமார் 24 டெசிபல் வீதம் விழுகிறது. கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஸ்ப்ரிங் இல்லாததால் அது வெறும் வெளியில் வீசி வீசி ஆடுகிறது. காதுக்கு ஒன்றும் கேட்காது, வூஃபர் மட்டும் உள்ளே அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

தம்பி 38 ஹெர்ட்ஸுக்காக 7 செ.மீ. உள்விட்டமுள்ள பைப்பை 17 செ.மீ. நீளத்துக்கு வெட்டியிருந்தார். 36 லிட்டருக்கு அது மிகச் சரி. 23 லிட்டரில் அதே பைப் 47 ஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துவிட்டது. பேஸ் கிடாரின் கடைசித் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். அதன் அடிநாதம் இவர் பெட்டிக்கு எல்லைக்கு வெளியே.

பேஸ் குறைகிறதென்றால் கை நேராக நாப்புக்குத்தான் போகிறது. 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த இடத்தில் 10 மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். ட்யூனிங்குக்கு ஒரு ஆக்டேவ் கீழே விழுந்த 24 டெசிபலை நாப்பால் ஈடுகட்ட 250 மடங்கு வேண்டும். எந்த ஆம்பும் கொடுக்காது, எந்த வூஃபரும் தாங்காது. கோனின் அடியில் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் பின்தட்டில் போய் மோதுவதுதான் அந்த டக் டக். சில நாளில் காயில் நசுங்கி, காந்த இடுக்கில் உரசி, கரகரவென்று ஆகிவிடும்.

என் முதல் வூஃபர் அப்படிப் போனபோது அதன் தரம் மோசம் என்று நினைத்தேன். கடையில் கேட்டதற்கு "வாட்ஸ் பத்தல, பெருசா போடுங்க" என்றார்கள். பெரிய வாட்ஸ் வூஃபர், பெரிய ஆம்ப், ஆனால் அதே பெட்டி, அதே பைப். இரண்டாவதும் 3 மாதத்தில் போனது. பெட்டி எந்த ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று பார்த்தாயா என ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் பார்த்துப் பார்த்து வூஃபர் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனைக்கு 10 நிமிடம் ஒதுக்குவதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

சோதனைக்குப் போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போதும். சத்தத்தைக் குறைவாக வைத்து 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே வாருங்கள். கோனையே பாருங்கள். ஓர் இடத்தில் அதன் ஆட்டம் அடங்கும். அதே நேரத்தில் பைப் வாயில் பிடித்த ஊதுபத்தியின் புகை அதிகமாகச் சிதறும். அதுதான் உங்கள் ட்யூனிங். அதற்கும் கீழே போனால் கோன் மறுபடி ஆடத் தொடங்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் இருந்தால், ஸ்பீக்கரோடு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளக்கலாம். வோல்டேஜ் இரண்டு இடங்களில் ஏறும். நடுவில் இருக்கும் பள்ளம்தான் ட்யூனிங்.

நீளத்துக்கான கணக்கு இது. உள்விட்டத்தை செ.மீ.யில் எடுத்து வர்க்கமாக்கி 23,562-ஆல் பெருக்குங்கள். வேண்டிய ஹெர்ட்ஸின் வர்க்கத்தை லிட்டரால் பெருக்கி, முதலில் வந்ததை இதால் வகுங்கள். அதிலிருந்து உள்விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் நீளம் செ.மீ.யில் கிடைக்கும். தம்பிக்கு 29.6 வந்தது. பெட்டியின் உள் ஆழமே 26.4 என்பதால் எல்போ போட்டு உள்ளுக்குள் மடக்கினோம். மடக்கும்போது நீளத்தைப் பைப்பின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். பைப்பின் உள்வாய்க்கும் பலகைக்கும் இடையே ஒரு விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

இதற்குப் பிறகும் 38-க்குக் கீழே ஆபத்து இருக்கவே செய்கிறது. ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸ்களை வெட்டுவது) இருந்தால் 30 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள்.

சின்ன பைப்பில் ஒப்பேற்றுவது

5 செ.மீ. பைப் என்றால் 14 செ.மீ. நீளம் போதுமே, எல்போ எதற்கு என்று தம்பி கேட்டார். கணக்கு சரிதான். ஆனால் வாயின் பரப்பு பாதியாகிறது, காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது. நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டினால் பேஸோடு சேர்ந்து 'புஸ் புஸ்' என்று சத்தம் வரத் தொடங்கும்.

வூஃபரின் குணம் தெரியாமல் பைப் வைப்பது

எல்லா வூஃபருக்கும் பைப் ஒத்துவராது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்துக் கொடுத்த எண்களைத்தான் உலகமே இன்றும் பயன்படுத்துகிறது. அதில் க்யூடிஎஸ் (Qts), அதாவது வூஃபர் தன் ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது என்பதைக் காட்டும் எண்ணை, முதலில் பாருங்கள். 0.4 பக்கமோ அதற்குக் கீழோ இருந்தால் பைப் வைக்கலாம். 0.5-ஐத் தாண்டினால் மூடிய பெட்டியே நல்லது, பேஸ் மெதுவாக, ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான் இறங்கும். இந்த எண்ணே இல்லாத வூஃபரை நான் இப்போது வாங்குவதில்லை.

கசிவு

காற்று கசியாமல் எல்லா மூட்டிலும் உள்பக்கம் சிலிக்கான் ஓட்டுங்கள்.

பஞ்சு

பெட்டிக்குள் பஞ்சு வைத்தால் அதனால் பைப் வாயை அடைக்காதீர்கள்.

அறைக்குள் வைத்துத் தீர்ப்புச் சொல்வது

11 அடி நீள அறை 50 ஹெர்ட்ஸில் தானாகவே முழங்கும். சுவரோரம் உட்கார்ந்து கேட்டால் பேஸ் அள்ளும், நடு அறையில் அதே பாட்டு சோகையாக இருக்கும். இதைப் பெட்டியின் குறை என்று எண்ணிப் பைப்பை அறுப்பவர்கள் உண்டு. பெட்டி எப்படி இருக்கிறதென்று தெரிய வேண்டுமானால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். அங்கே திருப்பி அனுப்பச் சுவர் இல்லை.

தம்பியின் பெட்டியையும் அன்று ராத்திரி மாடிக்குத் தூக்கினோம். 39 ஹெர்ட்ஸில் கோன் அடங்கியது. நாப் நடுவில் இருக்கும்போதே பேஸ் கிடார் அடிவரை கேட்டது. "இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் சேர்த்தா சரியா 38 வந்துடுமாண்ணா?" என்றார். வரும், ஆனால் அந்த ஒரு ஹெர்ட்ஸ் காதுக்குத் தெரியாது. அப்படியே ஒட்டச் சொல்லிவிட்டேன்.