வாய்க்கால் நியமம்

உலகம் சூடாகிறது என்று யோசித்து யோசித்துப் பல ராத்திரி எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். ஒரு காரியமும் நடக்கவில்லை. தெருக்கோடி மதகடிக்குத் தினமும் போக ஆரம்பித்த பிறகுதான் ஏதோ நடந்தது. திருவையாறு பக்கம், காவிரியின் கிளையாறான குடமுருட்டித் தண்ணீர் பாயும் சின்ன வாய்க்கால் அது.

நீங்களும் நடந்து போகிற தூரத்தில் ஒரு படித்துறையோ, குளமோ, மடையோ பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போவதுபோல ஒரே நேரத்துக்குப் போங்கள். முதல் பத்து நாள் எதுவும் செய்ய வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்று பாருங்கள். தண்ணீர் என்ன நிறம், வெங்காயத்தாமரை எதுவரை அடைத்திருக்கிறது, நீர்க்கோழி வந்ததா? அப்புறம் கை தானாகக் குப்பைக்குக் குனியும். அன்றைக்கு ஒரு சாக்கை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக் கவரை எடுக்கும்போதும் நான் 'சிவாயநம' என்பேன். உங்களுக்கு எந்த நாமம் வருமோ அதைச் சொல்லுங்கள். சாக்கு நிறைய வேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள். நாமம் நின்றுபோய் எரிச்சல் வந்துவிடும்.

ஆடிப்பெருக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மகள் கல்யாணமான வருஷம், ஆடி 18 அன்று கல்யாண மாலையை வழக்கப்படி ஆற்றில் விட்டோம். அடுத்த வாரம் மதகில் ஒரு மாலை சிக்கிக் கிடந்தது. பூவெல்லாம் அழுகிவிட்டது, நைலான் நூலும் ஜிகினாவும் மட்டும் புதுசாக மின்னின. நூலுக்குள் விரல் நீளக் கெண்டை ஒன்று செவுளில் மாட்டிச் செத்திருந்தது. எங்கள் மாலையா, தெரியாது. ஆனால் நாங்கள் விட்டதும் அப்படிப்பட்ட மாலைதான். அன்றைக்கு எடுத்த சங்கல்பம் இது: மீன் தின்ன முடியாத எதையும் காவிரிக்குக் கொடுப்பதில்லை. நீங்களும் மாலை கட்டச் சொல்லும்போதே வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். உதிரிப்பூவை மட்டும் தண்ணீரில் விடுங்கள், அதுவும் ஒரு கைப்பிடி. காதோலை கருகமணியை மஞ்சள் பிள்ளையார் முன்னால் வைத்துப் படைத்துவிட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். காப்பரிசியை எறும்புக்கும் குருவிக்கும் போடலாம். விளக்கை வாழைமட்டையில் விடுங்கள், தெர்மாகோல் தட்டு வேண்டவே வேண்டாம்.

அமாவாசை விரதத்தோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. அன்றைக்கு மோட்டார் போடுவதில்லை. அடிபம்பில் அடித்த தண்ணீர்தான். பத்துக் குடத்தில் நாள் ஓடிவிடுகிறது. பதினோராவது குடத்துக்கு எழுந்திரிக்கும்போது, இது எதற்கு என்று மனசு கேட்கும். அந்தக் கேள்விதான் விரதம். முட்டி வலிக்காரர்கள் வாளியை எண்ணிக்கொண்டால் போதும்.

கோலத்துக்குப் பச்சரிசி மாவு. கல்மாவு எறும்புக்கு ஆகாது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரச் சில நாள் ஆகும். மதகடியில் வருஷம் பூராவும் சேர்ந்ததை வாரிக் கரையேற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டுக்கொள்வேன். புதுத்தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். அன்றைக்கு நான் குளிப்பதில்லை. சருகை ஒதுக்கி, தண்ணீர் மதகைத் தாண்டிக் கடைமடைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.