பிக்கப் வண்டியைப் பராமரிக்கத் தொடங்குவோருக்கு: சுமையிலிருந்து ஆரம்பியுங்கள்

பிக்கப் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. அது எவ்வளவு சுமந்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும். பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஓர் அட்டவணையும் கடினப் பயன்பாட்டுக்கு மற்றோர் அட்டவணையும் இருக்கும். அடிக்கடி பாரம் ஏற்றுபவர்களும், டிரெய்லர் இழுப்பவர்களும், புழுதிச் சாலையில் ஓட்டுபவர்களும் இரண்டாவதைத்தான் பின்பற்ற வேண்டும்.

முதலில் என்ஜின் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) உருவித் துடைத்து, மீண்டும் முழுமையாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல்குறியைத் தாண்டினால் நுரைத்துக் கெடுதல் செய்யும். டீசல் என்ஜினில் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பே. ஆனால் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கக்கூடும் என்பதால், அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

அடுத்தது கூலண்ட். என்ஜின் ஆறிய பிறகு பக்கவாட்டுத் தொட்டியின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிடும்.

டயர் காற்றை ஓட்டத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையிலோ கையேட்டிலோ சரியான அளவு இருக்கும். பல வண்டிகளில் பின் டயருக்குச் சுமை இல்லாதபோது ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவும் தரப்பட்டிருக்கும். குறைந்த காற்றோடு பாரம் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். சக்கரம் மாற்றிய பின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

வண்டியின் அடிப்பகுதியைத்தான் பலரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாரம் தாங்குவதோ அந்த இடம்தான். டார்ச் அடித்து, பின் ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடு போல்ட்டின் அருகே முடியளவு விரிசலோ, பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டின் நட்டைச் சுற்றித் துருத்தூளோ தெரிந்தால் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதும் பட்டை உடைந்ததன் அறிகுறியாகலாம். கியர் போட்டு நகரும்போது அடியில் ‘டங்’கென்று ஓசை வந்தால், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டு, என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். அதன் முனை இணைப்பிலுள்ள சிலுவை வடிவத் துண்டான ஜாயிண்ட் கிராஸில் ஆட்டம் இருந்தால் அதை மாற்ற வேண்டும். கிரீஸ் அடித்து ஒப்பேற்றலாம் என்று நினைப்பது வீண். ஸ்டெப்னி அடியில் தொங்கும் வண்டியானால், அதை இறக்கும் கம்பிவடம் துருப்பிடித்து இறுகாதபடி அவ்வப்போது இறக்கி ஏற்றுங்கள்.

இனி, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது? சாவியைத் திருப்பும்போது ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கும். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி வோல்ட்மீட்டரில் ஏறத்தாழ 12.6 காட்டும், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். டெர்மினலில் வெண்பச்சைப் பொடி படிந்திருந்தால், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதையே கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையும் அதன் வயர்களையும் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் டீசல் என்ஜின் பற்றவில்லையா? டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடித்துவிட்டு, கைப் பம்பு இருந்தால் அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்க வேண்டாம். மோட்டார் ஆற இடைவெளி கொடுங்கள்.

புகை கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலமாக வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் மட்டும் இவ்வாறு சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். வண்டியை அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கை வரவழையுங்கள்.