டிரெய்லர் இழுக்கும் பிக்கப் வண்டிக்கு நீடித்து உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிக்கப் வண்டிக்கு டயர் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் டயரின் பட்டன்களில், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளில்தான் நிற்கிறது. பெரிய பட்டன்களும் ஆழமான பள்ளங்களும் இருந்தால் டயர் உறுதியானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்பர் எனப்படும் தங்கும் டிரெய்லரையோ படகையோ குதிரை டிரெய்லரையோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துச் செல்லும் வண்டியில், டயரின் ஆயுளை முடிவு செய்வது பாரமும் அந்தப் பாரத்தால் உள்ளே உண்டாகும் வெப்பமும்தான். ஆகவே எடையில் தொடங்கி, தாங்குதிறனைப் பார்த்து, அதன் பிறகே பட்டன்களின் வடிவத்துக்கு வருவது சரியான வரிசை.

வெப்பம் எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். 32 அங்குல விட்டமுள்ள டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் பகுதி அமுங்கி, தரையை விட்டு எழுந்ததும் நிமிர்கிறது. இந்த ஓயாத வளைவில் செலவாகும் ஆற்றல் வெப்பமாக மாறி ரப்பருக்குள் சேர்கிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. பாரம் கூடினாலும், காற்று குறைந்தாலும், வேகம் மிகுந்தாலும் வளைவும் வெப்பமும் கூடுகின்றன. மூன்றும் சேர்ந்தால் பட்டன் பகுதிக்கு அடியில் உள்ள எஃகுப் பட்டைகளின் ஓரங்களில் பிளவு தொடங்கி, இறுதியில் மேற்பகுதி முழுவதும் உரிந்து வருகிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது இத்தகைய உரிதல்களால்தான். அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. டயரின் வடிவமைப்பும் தயாரிப்பும் விசாரணைக்கு உள்ளாயின என்றாலும், அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் விபத்துகள் மிகுந்திருந்ததும், வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 26 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) காற்றழுத்தம் குறைவு என்ற வாதம் எழுந்ததும் கவனிக்கத்தக்கவை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாகவே, காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அமெரிக்கக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் கட்டாயமானது.

முதல் வேலை எடை போடுவது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், முன்னச்சும் பின்னச்சும் தனித்தனியே எவ்வளவு தாங்கலாம், வண்டி மொத்தமாக எவ்வளவு தாங்கலாம், எந்த அளவு டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பவை அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் எவ்வளவு எடை ஏறுகிறது என்பதை அறிய, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டு போவதே சிறந்தது. அங்கு முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பதிவாகும். குடும்பம், நாய், தண்ணீர்த் தொட்டி, எரிபொருள் என்று பயணத்தில் ஏறும் அனைத்தோடும் எடை போட வேண்டும். வெறும் வண்டியை நிறுத்தி எடுத்த எண்ணால் பயனில்லை.

கொக்கியின் மீது இறங்கும் எடையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சாதாரண டிரெய்லர் என்றால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, 2,700 கிலோ கேம்பரில் 13 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 350 கிலோ. ஆனால் பின்னச்சு ஏற்பது 350 கிலோவை விட அதிகம். கொக்கி பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் இடையே 3.7 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் விளைவால் பின்னச்சில் சுமார் 460 கிலோ ஏறுகிறது. முன்னச்சிலிருந்து 110 கிலோவுக்கு மேல் குறைந்துவிடுகிறது. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்பைப் பூட்டினால் இதில் ஒரு பகுதி முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் திரும்பும். அப்போதும் பின் டயர்கள்தாம் அதிக உழைப்பைச் சுமக்கின்றன என்பதால், தேர்வை அவற்றின் பாரத்தை வைத்தே செய்ய வேண்டும்.

எடை தெரிந்த பின் டயரின் பக்கச்சுவரைப் படிக்க வேண்டும். அளவுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகள் இருந்தால் அது சிறு டிரக்குகளுக்காகச் செய்யப்பட்டது. பி என்ற எழுத்து இருந்தாலோ எழுத்தே இல்லாவிட்டாலோ அது பயணிகள் வண்டி வகை. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 போன்ற, அரை டன் என்று பெயரளவில் அழைக்கப்படும் பிக்கப்புகள் பலவும் ஆலையிலிருந்து பயணிகள் வகை டயர்களோடுதான் வருகின்றன. அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு: 116 என்றால் ஒரு டயர் 1,250 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ, 123 என்றால் 1,550 கிலோ தாங்கும். எல்டி டயரில் 123/120 என்று இரண்டு எண்கள் இருந்தால், பெரியது ஒற்றைச் சக்கரத்துக்கும் சிறியது பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டிய வண்டிக்கும் உரியது. இதில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. பயணிகள் வகை டயரை டிரக்கில் பூட்டினால் அதன் தாங்குதிறனை 1.10 ஆல் வகுத்தே கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே 116 குறியீடுள்ள டயர் பிக்கப்பில் 1,136 கிலோவுக்கு மட்டுமே ஏற்றது.

எல்டி டயர்களில் பார வரம்பு ஓர் எழுத்தால் குறிக்கப்படுகிறது. சி என்றால் 6 அடுக்குக்கு நிகர், டி என்றால் 8, இ என்றால் 10. இன்று உள்ளே அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை; பழைய பருத்தி நூல் அடுக்குகளின் வலிமைக்கு இணை என்பதே பொருள். பொதுவாக சி வகை 50 பிஎஸ்ஐ, டி வகை 65, இ வகை 80 பிஎஸ்ஐ காற்றில் தன் முழுத் தாங்குதிறனை அடைகிறது.

இனி மேற்சொன்ன கேம்பரையே கணக்கிடுவோம். வெறுமையாகப் பின்னச்சில் 1,050 கிலோ இருக்கும் அரை டன் வண்டியில் கொக்கியால் 460 கிலோவும், பின்னிருக்கை ஆட்களாலும் பின்பெட்டிச் சாமான்களாலும் 200 கிலோவும் கூடினால், பின் டயர் ஒவ்வொன்றும் சுமார் 855 கிலோ சுமக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் பயணிகள் வகை டயரே போதும். ஆண்டுக்கு இரண்டு முறை நல்ல தார்ச்சாலையில் இழுப்பவர் அந்த வகையிலேயே தரமானதை வாங்கினால் தவறில்லை. வண்டியும் மென்மையாக ஓடும், எரிபொருளும் மிஞ்சும். அடிக்கடி இழுப்பவருக்கும், சரளைச் சாலையில் முகாம்களுக்குப் போகிறவருக்கும், அரிசோனா போன்ற இடங்களின் கோடையில் ஓட்டுகிறவருக்கும் எல்டி வகையையே பரிந்துரைப்பேன். அதன் தடித்த பக்கச்சுவர் காற்று கூடும்போது விறைத்து, பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கிறது. கூர்மையான கல்லும் எளிதில் கிழிக்காது. எஃப்-250 போன்ற முக்கால் டன் வண்டிகளில் இந்தக் கேள்வியே எழாது. அவற்றின் பின்னச்சு வரம்பு 2,700 கிலோவைத் தாண்டும்; ஒவ்வொரு டயரும் 1,350 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டியிருப்பதால் இ வகைக்குக் கீழே இறங்கவே கூடாது. அதே வேளையில், கூடுதல் தாங்குதிறனுள்ள டயரைப் பூட்டியதால் வண்டியின் அச்சு வரம்போ இழுவை வரம்போ உயர்வதில்லை. கதவுச் சீட்டில் உள்ள எண்ணே எல்லை.

இதன் பிறகே பட்டன்கள். முழுவதும் நெடுஞ்சாலையில் இழுப்பவருக்கு மிஷ்லின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் போன்ற நெடுஞ்சாலை டயர்கள் மிகப் பொருத்தம். பள்ளம் ஆழமில்லாததால் பட்டன்கள் நெளிவது குறைவு. வெப்பமும் இரைச்சலும் குறைவு. ஈரச்சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். தார்ச்சாலையோடு சரளை, புல்வெளி, இளம்பனி ஆகியவற்றிலும் போக வேண்டியவருக்கு பிஎஃப்குட்ரிச் ஆல்-டெரெய்ன் கேஓ2, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி III போன்ற ஆல்-டெரெய்ன் வகை நடுநிலையான தேர்வு. நடுவில் பட்டன்கள் நெருக்கமாகவும் ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்கும் வடிவத்தையே இழுவை வண்டிக்கு விரும்ப வேண்டும். அவை பாரத்தில் குறைவாக நெளியும், சீராகத் தேயும். சேற்றுக்கென்று செய்யப்பட்ட மட்-டெரெய்ன் டயரை, சேற்றில்தான் வேலை என்றாலன்றி, இழுவை வண்டிக்கு வாங்க வேண்டாம். உயர்ந்து விலகி நிற்கும் பட்டன்கள் பாரத்தில் அசைந்து, டிரெய்லர் தள்ளும்போது வண்டியின் பின்புறத்தைத் தளர்த்துகின்றன.

கடையில் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏமாற்றம் நேரலாம். ஒரே மாடல் பயணிகள் வகையிலும் எல்டி வகையிலும் விற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது, ஆனால் உள்ளே உறுதி வேறு. பெயரோடு எல்டி என்ற முன்னெழுத்து, பாரக் குறியீடு, பார வரம்பு மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டு, பூட்டும் முன் பக்கச்சுவரில் அவற்றைத் தாமே படித்துப் பார்க்க வேண்டும்.

பனிக்கு எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். அது பள்ளங்களின் அமைப்பைப் பற்றிய குறி. அதற்காகப் பனியில் சோதனை நடப்பதில்லை. மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னமே இறுகிய பனியில் சோதிக்கப்பட்டதைக் காட்டுகிறது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கு பதிவான வண்டிகளுக்கு இந்தச் சின்னமுள்ள டயர் கட்டாயம். கொலராடோவில் ஐ-70 சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே முடிய, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கும் பள்ளம் குறைந்தது 3/16 அங்குலம், அதாவது 4.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அளவை மாற்றும் ஆசையை அடக்குவது நல்லது. விட்டம் கூடினால் எஞ்சினின் இழுவை சக்கரத்தில் குறைகிறது, பிரேக் தூரம் கூடுகிறது, வேகமானி தவறாகக் காட்டுகிறது. இ வகை டயர் எடை மிகுந்ததாகவும் இருப்பதால், விட்டத்தையும் கூட்டினால் மேடேறும்போது வண்டி திணறுவது உடனே தெரியும். பாரக் குறியீட்டை அடுத்து வரும் எழுத்து வேகக் குறியீடு. அதில் கியூ மணிக்கு 160, ஆர் 170, எஸ் 180 கிலோமீட்டரைக் குறிக்கும். இழுவை வேகத்துக்கு இவை எல்லாம் போதும்.

எல்டி டயருக்கு மாறும்போது பலரும் கவனிக்காமல் விடுவது ரிம்மும் வால்வும்தான். சாதாரண ரப்பர் வால்வு பெரும்பாலும் 65 பிஎஸ்ஐ வரையே தாங்கும் என்பதால், 80 பிஎஸ்ஐ வைக்கப் போகிறவர் உயர் அழுத்த வால்வோ திருகிப் பூட்டும் உலோக வால்வோ போடச் சொல்ல வேண்டும். ரிம்மின் தாங்குதிறனையும் சரிபார்க்க வேண்டும். கதவுச் சீட்டில் 35 பிஎஸ்ஐ என்று இருந்தால் அது பயணிகள் வகைக்குரியது. அதே பாரத்தைச் சுமக்க எல்டி டயருக்குக் கூடுதல் காற்று தேவை. எவ்வளவு என்பதை, அந்த அளவுக்கு டயர் நிறுவனம் வெளியிட்டுள்ள பார–அழுத்த அட்டவணையில் எடைச்சீட்டின் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு பழைய அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால்தான் எரியும் என்பதால், 55 பிஎஸ்ஐ தேவைப்படும் டயர் 30க்கு இறங்கினாலும் அது எரியாது. கடையில் அந்த விளக்கு எரியும் அளவை மாற்றித் தர இயலாவிட்டால், ஒவ்வொரு இழுவைக்கும் முன் கையளவி கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கக் கூடாது. டிரெய்லர் இல்லாத நாட்களில் அட்டவணைப்படி குறைத்துக்கொள்ளலாம். எப்போதும் 80லேயே ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துவிடும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. விலை குறைவு என்று பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததை ஏற்க வேண்டாம். ரப்பர் ஓடாமலே முதுமையடையும். ஃபோர்டு உள்ளிட்ட வண்டி நிறுவனங்கள் 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. பயணிகள் டயரில் அச்சிடும் தேய்மானத் தர எண் எல்டி டயருக்குக் கட்டாயமில்லை. அதைத் தேடுவதை விட, உத்தரவாதக் கிலோமீட்டரையும் பள்ள ஆழத்தையும் ஒப்பிடுவது பயன் தரும்.

நான்கையும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றுவதே பாதுகாப்பு. முன்னால் பயணிகள் வகையும் பின்னால் எல்டியும் பூட்டினால் திருப்பத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும். பூட்டிய பின் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கு அளவியால் இறுக்க வேண்டும். பின் டயர்களே அதிகம் தேய்வதால் 8,000 முதல் 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போட வேண்டும். சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரை தேய அனுமதிக்கிறது. மழையில் டிரெய்லர் தள்ளும் நிலையில் பிரேக் பிடிக்க வேண்டியவர் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிட வேண்டும்.

டிரெய்லரில் இருக்கும், டிரெய்லருக்கென்றே செய்யப்பட்ட எஸ்டி வகை டயர்களையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது. அவற்றில் பலவற்றின் வேக வரம்பு பிக்கப்பின் டயரை விடக் குறைவு. பழைய தயாரிப்புகளில் மணிக்கு 65 மைல் மட்டுமே. எந்தச் சக்கரத்தின் வரம்பு குறைவோ அதுவே முழு வண்டித்தொடரின் வேகத்துக்கும் வரம்பு.