விருந்தினர் பேச்சாளரும் புதிய உறுப்பினரும்: சேவைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் போன்ற ஊர்களில் மாலை நேரத்தில் கூடுகிற ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவைச் சங்கங்களில் இரண்டு குறைகள் ஓயாமல் பேசப்படுகின்றன. நல்ல பேச்சாளர் கிடைப்பதில்லை என்பது ஒன்று. புதிதாகச் சேருகிறவர்கள் நிலைப்பதில்லை என்பது மற்றொன்று. நிர்வாகிகள் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகக் கருதி, ஒன்றை நிகழ்ச்சிக் குழுவிடமும் மற்றதை உறுப்பினர் குழுவிடமும் ஒப்படைத்துவிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெளியாள் ஒருவர் சங்கத்தை முதன்முதலில் நேரில் காண்பது பெரும்பாலும் பேச்சாளர் வருகிற ஒரு கூட்டத்தில்தான். அந்தப் பேச்சாளரைச் சங்கம் நடத்தும் விதத்தைப் பார்த்தே, நாளை தன்னையும் எப்படி நடத்தும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

முதல் தவறு, பொருளைத் தீர்மானிக்காமல் ஆளைத் தீர்மானிப்பது. "அடுத்த கூட்டத்துக்கு யாராவது பெரிய மனிதரைக் கூப்பிடுங்கள்" என்று தலைவர் சொல்ல, செயலர் தமக்குத் தெரிந்த ஓர் அதிகாரியையோ கல்லூரி முதல்வரையோ தொலைபேசியில் அழைக்கிறார். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர் கேட்டால், "நீங்கள் எது பேசினாலும் சரி சார்" என்பதே விடை. அப்படி அழைக்கப்படுபவர் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, இளைய தலைமுறை ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பேசுவார். வேறு எதைப் பேசுவதென்று அவருக்குத்தான் எப்படித் தெரியும்? அழைக்கும்போதே பொருள் என்ன, எத்தனை நிமிடம், கேட்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன தொழில் செய்பவர்கள், இந்தப் பேச்சைச் சங்கம் ஏன் கேட்க விரும்புகிறது என்பவற்றை எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெரிய பதவியில் இருப்பவரே பேச்சாளராக வேண்டும் என்ற எண்ணமும் இதனோடு ஒட்டி வருவதே. நம் மாவட்டத்தில் பேசத்தக்க பொருளுக்குப் பஞ்சமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி, மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர், தோவாளையில் பூக்கட்டிப் பிழைக்கும் பெண், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையைப் பயிரிடும் விவசாயி, ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்து மீண்டுவந்த மீனவர் என்று, மேடை ஏறியே பழகாத, ஆனால் தம் தொழிலை உள்ளும் புறமும் அறிந்த மனிதர்கள் ஏராளம். இவர்களை அழைப்பதென்றால் அவர்களுடைய நேரத்தை மதிக்க வேண்டும். விடியுமுன்னே மரத்தடிக்குப் போகிறவரை இரவு ஒன்பது மணி வரை மண்டபத்தில் உட்கார வைப்பது நியாயமல்ல. விசைப்படகு மீனவரை அழைக்க மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. அது கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் அமைவதால், இரு கரைகளும் சந்திக்கும் இம்மாவட்டத்தில் கிழக்குக் கரையின் சின்னமுட்டத்துக்காரர் ஓய்வாக இருக்கும் மாதமும் மேற்குக் கரையின் குளச்சல்காரர் ஓய்வாக இருக்கும் மாதமும் ஒன்றல்ல என்பதைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். மேடைப் பேச்சு கைவராதவரிடம் உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்டு அவர் பதில் சொல்லும் முறையில் நிகழ்ச்சியை அமைத்தால், தயாரித்து வந்த பல உரைகளைவிட அது சிறப்பாக இருக்கும்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமாகக் கெடுவது அங்கேதான். ஏழு மணிக் கூட்டம் ஏழரைக்குத் தொடங்கும். இறைவணக்கம், வரவேற்புரை, தலைவர் உரை, செயலர் அறிக்கை, பிறந்தநாள் மற்றும் மணநாள் வாழ்த்துகள், முன்னாள் தலைவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கே இன்னொருவர் போடும் பொன்னாடை என்று எல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். பின்வரிசையில் சாப்பாட்டுத் தட்டின் ஓசை கேட்கத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் அவருடைய அறிமுகம். அவர் அனுப்பிய தன்விவரக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது அறிமுகம் ஆகாது. இந்தப் பொருளைப் பேச இவருக்கு என்ன தகுதி என்று மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும், பெயரையும் பட்டத்தையும் முன்கூட்டியே அவரிடம் கேட்டுச் சரிபார்த்திருந்தால் போதும். வழக்கமான சடங்குகளில் பாதியைப் பேச்சுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இருபது நிமிடம் உரைக்கும் பத்து நிமிடம் கேள்விக்கும் ஒதுக்கி, ஒலிவாங்கியையும் புரொஜெக்டரையும் கூட்டத்துக்கு முன்பே சோதித்துவிட்டால், விருந்தினராக வந்த வெளியாள் இதை நேரம் தெரிந்த அமைப்பு என்று எண்ணுவார். தொலைவிலிருந்து வரும் பேச்சாளர் திரும்பிப் போகும் வாகன ஏற்பாட்டையும், குறிப்பாக ஐப்பசி மழைக் காலத்தில், ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

விற்பனைக்காக வரும் பேச்சாளரைத் தவிர்ப்பது எளிதன்று. காப்பீடு, நகைச் சேமிப்புத் திட்டம், மனை விற்பனை, தனியார் மருத்துவமனையின் புதிய பிரிவு என்று எதுவும் விழிப்புணர்வு உரை என்ற பெயரில் உள்ளே வரலாம். உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையே அங்கே விலைபேசப்படுகிறது என்பதால், மேடையில் தொலைபேசி எண்ணோ துண்டறிக்கையோ தரக்கூடாது என்று அழைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. கட்சி அரசியலையும் மதப் பிரிவு வாதங்களையும் உறுப்பினர்கள் சங்கத்தில் விவாதிக்கக்கூடாது என்பது லயன்ஸ் இயக்கத்தின் நோக்கங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. ரோட்டரியும் தேர்தல் வேட்பாளர் எவரையும் ஆதரிப்பதில்லை. கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் நம் ஊர்களில் இந்த விதியை மறந்து ஒரே ஒரு கூட்டம் நடத்தினாலும், அதன் கசப்பைத் தீர்ப்பதற்குள் ஒரு தலைவரின் பதவிக் காலமே முடிந்துவிடும்.

பேச்சு முடிந்ததும் நினைவுப் பரிசைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு பொருளையும் மறந்துவிடுவது அடுத்த தவறு. கண் தானம் பற்றி ஒரு மருத்துவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தாலும் குடும்பத்தார் சம்மதிக்காமல் அது நடக்காது. இவ்வளவையும் கேட்ட சங்கம், அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணை உறுப்பினர் வீடுகளுக்கும் ஊரிலுள்ள ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அன்றைக்கே இருவரிடம் ஒப்படைத்து, அடுத்த கூட்டக் குறிப்பேட்டில் அதைக் கேட்டு எழுதினால்தான் அந்த உரைக்குப் பயன் உண்டு. கூட்டத்துக்கு விருந்தினராக வந்த வெளியாளும் அந்த இருவரோடு சேர்ந்து போய் வரலாம். உறுப்பினர் சேர்க்கை உண்மையில் தொடங்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? முதல் நாள் வந்தவர் கையிலேயே விண்ணப்பப் படிவம் திணிக்கப்படுகிறது. சில இடங்களில் பேச்சாளர் கையிலும்கூட. ரோட்டரியிலும் லயன்ஸிலும் உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து, நிர்வாகக் குழு பரிசீலித்து, அழைப்பின்பேரில் சேர்வதே வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. முன்மொழிபவர் வெறும் கையெழுத்துக்காரர் அல்லர். புதியவரைக் கூட்டங்களுக்கு அழைத்துவந்து, அருகில் அமர்த்தி, இயக்கத்தின் மாவட்டத் தலைவரான கவர்னர் யார், சங்கங்கள் சிலவற்றைச் சேர்த்த மண்டலம் என்றால் என்ன என்பதையெல்லாம் விளக்க வேண்டியவர் அவர். விருந்தினர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க, பழைய உறுப்பினர்கள் தமக்குள் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சங்கத்தில் எத்தனை படிவம் கொடுத்தும் பயனில்லை.

ஆண்டுக் கணக்கின் அவசரம் இன்னொரு தவறுக்கு இட்டுச் செல்கிறது. இவ்வியக்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஆண்டிறுதியில் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டுவதற்காக மைத்துனரையும் கடை ஊழியரையும் பெயருக்குச் சேர்த்துவிடுகிறார்கள். பன்னாட்டுத் தலைமையகத்துக்கான சந்தா அரையாண்டுக்கு ஒருமுறை, ஜூலையிலும் ஜனவரியிலும், பட்டியலில் உள்ள தலைகளை எண்ணி விதிக்கப்படுவதால், வராத உறுப்பினருக்கும் சங்கமே பணம் கட்ட வேண்டியிருக்கும். அதுவும் டாலர் மதிப்பில் கணக்கிடப்படுவது. பொருளாளர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு.

பணத்தைப் பற்றி மழுப்புவது அதைவிடப் பெரிய தவறு. சேர்க்கைக் கட்டணம், பன்னாட்டுச் சந்தா, மாவட்டச் சந்தா, சங்கச் சந்தா, கூட்டத்துச் சாப்பாட்டுச் செலவு, அறக்கட்டளை நன்கொடை, பதவியேற்பு விழாப் பங்கு ஆகியவற்றில் எது கட்டாயம், எது விருப்பம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் பெரிய தொகை இல்லை" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு மாதந்தோறும் ஒரு ரசீதை நீட்டினால், ஆசிரியரோ சிறு கடைக்காரரோ சொல்லாமலே விலகிவிடுவார். அவரால் கொடுக்கக்கூடியது நேரமும் திறமையும் என்றால், அதையும் கேட்டு வைத்துக்கொள்ள ஒரு வரி படிவத்தில் இருக்கட்டும்.

பெண்களை லயன்ஸ் 1987இலும் ரோட்டரி 1989இலும் உறுப்பினர்களாக ஏற்றன. இருந்தும் சில சங்கங்களில் அவர்களுக்குக் கிடைப்பது குடும்ப விழாவில் கோலப் போட்டி நடத்தும் வேலைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில், செவிலியர்களும் ஆசிரியைகளும் வங்கி அலுவலர்களும் நிறைந்த ஊர்களில், இது வெட்கத்துக்குரியது. கூட்டத்தை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிப்பது போன்ற சிறு மாற்றமே பலரை வரவழைக்கும். தேதி குறிக்கும்போது மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், ஓணம் ஆகியவற்றையும் பார்த்துக்கொண்டால், எந்த வீட்டுக்காரரும் சங்கம் தம்மை மறந்துவிட்டதாக நினைக்க மாட்டார்.

சட்டையில் சங்கச் சின்னத்தைக் குத்திப் படம் எடுத்த பிறகு புதியவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு சிறு பொறுப்பு வேண்டும்: அடுத்த பேச்சாளரை வரவேற்பது, முகாமில் பெயர் பதிவு செய்வது, எதுவானாலும் சரி. விலகுகிறவர்களிடம் காரணம் கேட்டு எழுதி வைக்கும் சங்கங்கள் மிகக் குறைவு. கேட்டால் மனவருத்தம் வரும் என்று தயங்குகிறார்கள். சேர விருப்பமில்லை, ஆனால் முகாமுக்கு வருகிறேன் என்று சொல்பவர் பெயரையும் அடித்துவிடாமல், கூட்ட அழைப்பு அனுப்பும் பட்டியலில் தனியாக வைத்திருப்பது செயலரின் வேலை.