பிரிட்டனில் வாடகை வீடு, முதல் நாள் வெந்நீர்: நீலகிரியிலிருந்து போகிறவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கோ மேல்படிப்புக்கோ பிரிட்டன் போகிறவர்களை அந்த ஊர்க் குளிர் அவ்வளவாக மிரட்டுவதில்லை; தை மாத உறைபனியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் தடுமாறுவது குளியலறையில்தான். அங்கே காலை 7 மணிக்குக் குழாயில் பச்சைத் தண்ணீர் மட்டும் வந்தால், குளிர்காலக் கணக்கின்படி இங்கே பகல் 12.30 மணிக்கு நம் வீட்டுப் போன் அடிக்கும். வீடியோவில் அலமாரியையும் குழாயையும் காட்டி ‘எதை அழுத்துவது?’ என்று பிள்ளை கேட்கும்போது, இங்கே இருக்கும் பெற்றோருக்கும் விஷயம் ஓரளவு தெரிந்திருந்தால் நல்லது. ஆகவே இந்தக் குறிப்பு போகிறவர்களுக்கும் இங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

நம் வீடுகளில் குளியலறைக்கு ஒரு கீசர், அதற்கு வெளியே ஒரு ஸ்விட்ச், குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுவிட்டு உள்ளே நுழையும்போது அணைப்பது என்பது பழக்கம். 15 லிட்டர் கொள்ளும் 2 கிலோவாட் கீசருக்கு அது மிகச் சரியான பழக்கம். 12 டிகிரியில் வரும் மார்கழித் தண்ணீரை அது சுமார் 25 நிமிடத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். பிரிட்டன் வீட்டிலோ பெரும்பாலும் ஒரே ஏற்பாடு சமையலறை, குளியலறை எல்லாவற்றுக்கும் வெந்நீர் தருகிறது. பல வீடுகளில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் அதுவே. எனவே புது வீட்டுக்குள் போனதும் மூன்று விஷயங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்: தண்ணீர் எங்கே சூடாகிறது, சூடானது எங்காவது சேர்த்து வைக்கப்படுகிறதா, எப்போது சூடாக வேண்டும் என்பதை எந்த ஸ்விட்ச் அல்லது கடிகாரம் தீர்மானிக்கிறது. இந்த மூன்றாவதைத் தேடாமல் விடுவதால்தான் பாதிக்கு மேற்பட்ட போன் அழைப்புகள் வருகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் அலமாரிகளைத் திறந்து பாருங்கள்

குளியலறைக்குப் பக்கத்திலோ மாடிப்படி முடியும் இடத்திலோ உள்ள ஓர் அலமாரியைத் திறந்தால், பச்சை அல்லது நீல நிற நுரைப்பூச்சு போர்த்திய செப்பு உருளையோ, ஆளுயர வெள்ளை உருளையோ நிற்கலாம். தொட்டால் அலமாரியே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதன் மேல் தட்டில் துண்டுகளைக் காயவைப்பார்கள். அப்படி ஓர் உருளை இருந்தால், உங்கள் வெந்நீர் சேமித்து வைக்கப்படுகிறது என்று பொருள். உருளை எங்குமே இல்லாமல், சமையலறைச் சுவரில் அடியில் நாலைந்து செப்புக் குழாய்கள் இறங்கும் வெள்ளைப் பெட்டி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் குழாயைத் திறந்தவுடன் தண்ணீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர். பெட்டி, உருளை இரண்டும் இருந்தால், பெட்டியில் எரியும் எரிவாயு, உருளையில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்குகிறது. பெட்டியே இல்லாமல் உருளை மட்டும் இருந்தால், அநேகமாக எல்லாம் மின்சாரம்.

உருளை வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதல்ல. சீகை விறகும் கவாத்துக் குச்சிகளும் போட்டு எரிக்கும் செப்பு பாய்லரில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் ஒரு சொம்பு வெந்நீர் மூக்கு வழியே வெளியே வருவதைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இங்கும் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து, மேலே மிதக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, வெந்நீர் படிப்படியாக ஆறாமல், தீரும் வரை சூடாகவே வந்து, தீர்ந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடும். இரண்டு, ஒருவர் தொட்டி நிறைய நிரப்பிக் குளித்துவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். 120 லிட்டர் உருளையை, அதற்குள் மூழ்கியிருக்கும் 3 கிலோவாட் ஹீட்டர் கம்பியால் 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2 மணி 20 நிமிடம் ஆகும். சுமார் 7 யூனிட் மின்சாரம் செலவாகும். அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டுக் குளிக்கப் போனால் என்ன கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இரவில் அணைக்கக் கூடாத ஸ்விட்ச்

எல்லாம் மின்சாரமாக உள்ள அடுக்குமாடி வீடுகளில் பலவும் எகானமி 7 என்ற கட்டண முறையில் இருக்கின்றன. இரவில் 7 மணி நேரம் மின்சாரம் மலிவு, பகலில் விலை அதிகம். எந்த 7 மணி நேரம் என்பது பகுதிக்குப் பகுதி மாறும். மீட்டரில் இரவுக்கும் பகலுக்கும் தனித்தனி அளவு காட்டும். இந்த வீடுகளில் உருளைக்குள் இரண்டு ஹீட்டர் கம்பிகள் இருக்கும். அடியில் இருப்பது இரவு மலிவு நேரத்தில் முழு உருளையையும் சூடாக்கும்; மேலே இருப்பது பகலில் அவசரத்துக்கு மேல்பகுதியை மட்டும் சூடாக்கும்.

அலமாரியின் உட்சுவரில் உள்ளங்கையளவு வெள்ளை ஸ்விட்சுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு சிவப்பு விளக்கு. சில வீடுகளில் ஒன்றின் மேல் யாரோ முந்தைய வாடகைக்காரர் பேனாவால் ‘இரவு’ என்றும் மற்றொன்றில் ‘பூஸ்ட்’ என்றும் எழுதி வைத்திருப்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கம்பிக்கு மின்சாரம் கிடைக்கிறது. இரவுக் கம்பியின் விளக்கு பகலில் எரியாமல் இருப்பது பழுதல்ல. அதற்குப் பல வீடுகளில் மின்சாரமே இரவில்தான் வருகிறது. ‘கண்ணு, ஸ்விட்ச் எல்லாம் அணைச்சிட்டுப் படு’ என்று இங்கிருந்து அம்மா சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது: இரவு ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் உருளை முழுவதும் பச்சைத் தண்ணீராக இருக்கும், பிறகு பகல் விலையில் பூஸ்ட் போட்டாக வேண்டும். இரவு ஸ்விட்சை எப்போதும் போட்டே வையுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் சூடு போதுமான அளவுக்கு வந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும். பூஸ்டை மட்டும் தேவைப்படும்போது போட்டு, மறக்காமல் அணையுங்கள். திருகினால் 1 மணி நேரத்தில் தானே அணையும் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது.

செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 40 டிகிரிக்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். லெஜியனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீரில் பெருகும். அதனால்தான் உருளையில் 60 டிகிரி வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூடு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையைப் பழக்குங்கள்.

காம்பி பாய்லர் உள்ள வீட்டில்

இங்கே காத்திருப்பு இல்லை, தீர்ந்துபோவதும் இல்லை. 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தித் தரும். நம் கீசரின் பன்னிரண்டு மடங்கு சக்தி அது. ஆனால் நம்மவர்களை அது ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வாளியில் சிக்கனமாகப் பிடிக்க வேண்டும் என்று குழாயை நூல் போலத் திறந்தால் பாய்லர் பற்றவே பற்றாது. நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஓடினால்தான் அது விழித்துக்கொள்ளும். தாராளமாகத் திறந்து, பாய்லரிலிருந்து குழாய் வரைக்கும் தேங்கிய பச்சைத் தண்ணீர் வெளியேறும் வரை பொறுத்திருங்கள். பெட்டியின் முகத்தில் இரண்டு குமிழ்கள் இருக்கும். குழாய்ப் படம் போட்டது வெந்நீருக்கு, ரேடியேட்டர் படம் போட்டது அறைச் சூட்டுக்கு. கோடைக்காலத்தில் இரண்டாவதை அணைத்துவிடலாம், வெந்நீர் வந்துகொண்டேயிருக்கும். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் சமையலறையில் வெந்நீர் திறந்தால் இருவருக்கும் குறைந்துதான் வரும்.

வெந்நீரும் வராமல் ரேடியேட்டரும் ஆறிக் கிடந்தால், பெட்டியில் உள்ள அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால், பெட்டிக்கு அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட சிறு குழாயும் அதன் இரு முனைகளில் வால்வுகளும் இருக்கும். இரண்டையும் மெல்லத் திறந்து முள் 1.5-ஐத் தொடுவதற்குள் இரண்டையும் இறுக மூடிவிட வேண்டும். வாடகை வீட்டில் இதைச் செய்வதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அது உங்கள் வேலையல்ல.

கடும் உறைபனி இரவுக்குப் பின் பாய்லர் நின்றுபோனால், வெளிச்சுவர் வழியே போகும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுக் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை அதன் மேல் ஊற்றி, பாய்லரை ரீசெட் செய்தால் போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

கூரையிலிருந்து தொங்கும் கயிறு

பல குளியலறைகளில் ஷவருக்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளைப் பெட்டி சுவரில் இருக்கும். அது உருளையையோ பாய்லரையோ நம்பியிருப்பதில்லை. வருகிற பச்சைத் தண்ணீரை ஓடஓடச் சூடாக்கும் மின்சார ஷவர். அதற்கான ஸ்விட்சைச் சுவரில் தேடினால் கிடைக்காது. அந்நாட்டு விதிகளின்படி குளியலறைக்குள் சாதாரண சுவர் ஸ்விட்ச் வைப்பதில்லை. கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். விளக்குக்கு ஒரு கயிறும் ஷவருக்கு இன்னொன்றுமாக இரண்டு தொங்கினால், மேலே கனத்த சதுரப் பெட்டியும் சிவப்பு விளக்கும் உள்ளதுதான் ஷவருடையது. ‘டக்’ என்று சத்தம் வரும் வரை இழுத்துவிட்டு, பிறகு ஷவர்ப் பெட்டியின் பொத்தானை அழுத்துங்கள். குளிர்காலத்தில் 9 கிலோவாட் ஷவர் 10 டிகிரித் தண்ணீரை 40-க்குக் கொண்டுவந்தால் நிமிடத்துக்கு 4 லிட்டரை ஒட்டித்தான் தர முடியும். சூடு போதாவிட்டால் தண்ணீரின் வேகத்தைக் குறையுங்கள்.

வாளியில் முக்கும் ஹீட்டர் கம்பியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். குளியலறையில் அதைச் செருக இடமே இருக்காது, மற்ற அறைகளில் அதை வைப்பது ஆபத்து. தரையில் தண்ணீர் போக வழியும் இல்லாததால், சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள் தொட்டிக்குள் உட்கார்ந்தே குளிக்க வேண்டும். குழாய்களில் இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத் தண்ணீர் என்பது அங்கே வழக்கம். குடிப்பதற்குச் சமையலறையின் பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய வீடுகளில் வெந்நீர் மேல்மாடத் தொட்டி ஒன்றிலிருந்து வருகிறது.

எரிவாயு உள்ள வீட்டில் கேட்டு வாங்க வேண்டியது

குளிருக்கு அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தியை நம் மாவட்டத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். அதே கார்பன் மோனாக்சைடு, பழுதான எரிவாயு பாய்லரிலிருந்தும் வரும். மணமோ நிறமோ கிடையாது. வீட்டுக்குள் இருக்கும்போது தலைவலியும் மயக்கமும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் சந்தேகப்படுங்கள். வாடகை வீட்டு எரிவாயுச் சாதனங்களை ‘கேஸ் சேஃப்’ என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதும், குடியேறுமுன் அந்தச் சான்றின் நகலை உங்களிடம் தர வேண்டும் என்பதும் உரிமையாளரின் சட்டக் கடமை. கூச்சப்படாமல் கேளுங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் எரிவாயு பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பதும் கட்டாயம். எரிவாயு மணம் வந்தாலோ அந்தக் கருவி ஒலித்தாலோ கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, 0800 111 999 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது அங்கே நடுக் குளிர்காலமாக இருக்கும். ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடிப்பதே பெரிய நஷ்டம் என்பதால், பாய்லரின் மின்சாரத்தை அணைக்காமல் அறைச் சூட்டைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, சமையலறைத் தொட்டிக்கு அடியில் பெரும்பாலும் இருக்கும் பிரதான தண்ணீர் வால்வை மூடிவிட்டு வாருங்கள். ஆனால் இரவுக் கட்டண உருளை மட்டும் உள்ள வீட்டில் அந்த ஸ்விட்சை அணைத்துவிடலாம். தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா பெருகியிருக்கலாம் என்பதால், திரும்பிப் போனதும் வால்வைத் திறந்து, உருளை முழுதும் 60 டிகிரிக்குச் சூடான பிறகு, ஷவர் தலையைக் கழற்றித் தொட்டிக்குள் தாழ்வாகப் பிடித்து, சாரல் முகத்தில் படாமல் சில நிமிடங்கள் வெந்நீரை ஓடவிட்டுவிட்டு அதன் பிறகு குளியுங்கள்.