நிடுலன்ஸ் பூஞ்சையில் கலப்பு செய்வது எப்படி: இருட்டு, ஒட்டுநாடா, ஓர் ஊசி

ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸுக்குத் துணை தேவையில்லை. யாரோடு சேரலாம் என்று தீர்மானிக்கும் இணைவு வகை மரபணுக்கள் இரண்டும் ஒரே உட்கருவில் இருப்பதால், தனியாகவே கிளைஸ்டோதீசியம் என்னும் வித்துக்கனியை உண்டாக்கிவிடும். இரண்டு இரகங்களைக் கலப்பு செய்ய வருகிறவருக்கு இதுதான் தலைவலி: தன்கலப்பில் வந்த கனிகளும் சேர்ந்தே வரும்.

படி 1: மஞ்சள் வித்து இரகம் ஒன்று, வெள்ளை வித்து இரகம் ஒன்று எடுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு ஊட்டக் குறை, அதாவது தானே செய்துகொள்ள முடியாத ஓர் ஊட்டப்பொருள், இருக்கவேண்டும். சேர்த்து வளர்த்து, பின்னிய இழைகளில் ஒரு துண்டை, அந்த ஊட்டப்பொருள்கள் சேர்க்காத குறைந்தபட்ச ஊடகத்தில் வையுங்கள். அங்கே இரண்டும் கூடினால்தான் பிழைக்க முடியும்.

படி 2: 37 டிகிரியில் நன்றாகப் படர்ந்த பிறகு தட்டின் விளிம்பை ஒட்டுநாடாவால் மூடி இருட்டில் வையுங்கள். இருட்டில் வெல்வெட்-ஏ புரதம் உட்கருவுக்குள் போய்ப் பாலினப் பெருக்கத்தைத் தூண்டும். வெளிச்சத்தில் பாலிலா வித்துகளே மிகும். காற்று குறைவதும் உதவும். முதல் நாளே மூடிவிடாதீர்கள், வளர்ச்சி நின்றுபோகும். சுமார் இரண்டு வாரம் பொறுங்கள்.

படி 3: நான் சறுக்கிய இடம். முதல் முறை வித்துக்கனியை எடுத்ததும் நீரில் உடைத்துப் பரப்பினேன். மஞ்சளும் வெள்ளையும் முளைத்தன. கலப்பு பலித்தது என்று குதித்தேன். உண்மையில் அவை கனியின் மேல் ஒட்டியிருந்த பெற்றோரின் பாலிலா வித்துகள்!

ஆகவே கனியை 3 சதவீத அகர் தட்டில் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் உருட்டுங்கள். சுற்றியுள்ள ஹுல்லே செல்களும் தூசும் உதிர்ந்து, கரிய பளபளப்பான உருண்டை மிஞ்சும்வரை உருட்ட வேண்டும். இடுக்கி வேண்டாம், நசுக்கிவிடும். மென்மையான அகரும் வேண்டாம், கிழியும். சுத்தமான கனியைத் துளி நீரில் உடைத்தால் பாலினப் பெருக்கத்தில் உண்டான சிவந்த வித்துகள் கலங்கி வரும்.

படி 4: ஒவ்வொரு கனியின் வித்துகளையும் தனித்தனியாக எல்லா ஊட்டமும் உள்ள ஊடகத்தில் பரப்பி, முளைக்கும் பூஞ்சையின் நிறத்தைப் பாருங்கள். ஒரே நிறம் மட்டும் வந்தால் அது தன்கலப்பு. இந்தப் பூஞ்சையின் இயல்பான நிறமான பச்சை தெரிந்தால் கலப்பு. இரு நிற மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் ஏறக்குறைய 1 பச்சை, 1 மஞ்சள், 2 வெள்ளை கிடைக்கும். வெள்ளை மரபணு மஞ்சளை மறைத்துவிடுகிறது.

பின்சேர்க்கை: இருட்டில் வைத்தும் பாலிலா வித்துகளே மண்டுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்ததில் அவருடையது வெல்வெட்-ஏ1 இரகம். அந்தப் புரதத்தின் முனை குறைந்திருப்பதால் இருட்டிலும் பாலிலா வித்துகள் ஏராளமாக வரும், கனிகள் குறையும். ஆய்வகங்களில் புழங்கும் இரகங்கள் பலவற்றில் இந்தச் சடுதிமாற்றம் உண்டு. இருட்டை நம்பாமல் ஒட்டுநாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள், தட்டுகளைக் கூடுதலாக வையுங்கள்.